மச்சான், பத்தோணும் போலக் கிடக்கு: புகையை விட நினைப்பவருக்குப் போன் வழியே துணை நிற்பது எப்படி

ஊரில் விளையாட்டுக் கழகமோ சனசமூக நிலையமோ நடத்துகிறவர்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், சுகாதாரப் பணிமனையோடு சேர்ந்து ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் இது. சிகரெட் பத்துகிற இருபது வயதுப் பெடியன் ஒருவனுக்கு அதை விட வேண்டும் என்று இருக்கிறது. அவன் வயதுக்காரர் ஒருவர் போன் வழியே அவனுக்குத் துணை நிற்கிறார். வேலை அவ்வளவுதான். செயலி தேவையில்லை, நிதி தேவையில்லை, பதாகை நிச்சயமாகத் தேவையில்லை. ஒரு போன், கொஞ்சம் டேட்டா, குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்த ஒரு சகபாடி இருந்தால் தொடங்கலாம்.

பலன் இருக்குமா என்று முதலிலேயே கேட்பீர்கள். பிரித்தானியாவில் 5800 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2011 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகையை விட உதவும் குறுஞ்செய்திகள் கிடைத்தவர்களில் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் 10.7 சதவீதம். சம்பந்தமில்லாத செய்திகள் கிடைத்தவர்களில் 4.9 சதவீதம். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் உமிழ்நீரையும் பரிசோதித்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அதற்கு முன்பே, 2005 இல், நியூசிலாந்தில் பெரும்பாலும் இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில் ஆறு வாரத்தில் விட்டிருந்ததாகச் சொன்னவர்கள் 28 சதவீதம், இப்படியான செய்திகள் கிடைக்காத மற்றத் தரப்பில் 13 சதவீதம்.

பத்தில் ஒருவர்தானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு செய்திக்கு ஆகும் செலவோடு பார்த்தால், விடுகிறவர்களின் தொகையை இரண்டு மடங்காக்குவது சின்ன விஷயமில்லை. ஆனால் பத்துப் பேரைத் தொடங்கி வைத்தோம், பத்துப் பேரும் விட்டுவிட்டார்கள் என்று யாராவது மேடையில் சொன்னால் கை தட்டிவிட்டு நம்பாமல் வீட்டுக்கு வாருங்கள்.

எதை எதிர்த்து வேலை செய்கிறோம்

நிகொட்டின் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் கடைசிச் சிகரெட்டுக்குச் சில மணித்தியாலத்தில் உடம்பு கேட்கத் தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். எரிச்சல், பதற்றம், நித்திரைக் குழப்பம், பசி, சிலருக்கு மலச்சிக்கல் என்று எல்லாம் சேர்ந்து வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். பத்த வேண்டும் என்று எழுகிற ஒவ்வொரு உந்துதலும் சில நிமிடங்களில், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில், தானாகத் தணியும். பத்தினாலும் தணியும், பத்தாவிட்டாலும் தணியும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் புகைத்தால் என்ன வியாதி வரும் என்று விளக்குவதுதான் தங்கள் கடமை என்று நினைக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியும். இலங்கையில் 2015 இலிருந்து சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தில் அந்த வியாதிப் படம்தான் இருக்கிறது. அவனிடம் இல்லாதது அந்த ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆள். சிகரெட் இருக்கிற அதே சட்டைப் பையில் போனும் இருக்கிறது என்பதால்தான் இந்த முறைக்கே ஓர் அர்த்தம் வருகிறது.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கென்று ஒன்றைச் சொல்ல வேண்டும். புகையிலை இங்கே வெளியிலிருந்து வந்த பொருள் மாத்திரமில்லை. செம்மண் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக விளைந்த காசுப் பயிர் அது. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் போனது. சுருட்டுக் கொட்டிலில் உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் உண்டு. ஆகவே ‘புகையிலைக்காரர்’ எல்லோரையும் கொலைகாரர் ஆக்குகிற பேச்சு எடுபடாது. கேட்டுக்கொண்டிருக்கிற பெடியனின் தாத்தா அதில் ஒருவராக இருக்கலாம்.

படி 1: சகபாடியைத் தேர்வது

இங்கேதான் பாதி முயற்சிகள் கெட்டுப்போகின்றன. கழகத் தலைவர் தனக்குப் பிடித்த, ஒழுக்கமான, மேடையில் நன்றாகப் பேசுகிற பெடியனைத் தெரிவு செய்வார். அவனிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பாடசாலைகளில் நடந்து 2008 இல் வெளியான ஆய்வொன்றில் வேறு விதமாகச் செய்தார்கள். யார் பேச்சு எடுபடும் என்பதை மாணவர்களையே எழுதித் தரச் சொன்னார்கள். அப்படிப் பெயர் வந்தவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, வழமையான அரட்டைக்குள்ளேயே புகைத்தலைப் பற்றிக் கதைக்க விட்டார்கள். அந்தப் பாடசாலைகளில் புகைக்கத் தொடங்கியவர்கள் குறைந்தார்கள். அது புகைக்க வராமல் தடுக்கிற திட்டம், விட வைக்கிற திட்டமில்லை. ஆனாலும் ஆளைத் தேர்கிற அந்த வழி எங்களுக்கும் பொருந்தும்.

பயிற்சி முடிந்து மைதானத்தில் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். “உனக்கு ஒரு சிக்கல் வந்தா ஆரட்ட சொல்லுவாய்? ரெண்டு பேர் எழுது.” திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள்தான் உங்கள் பட்டியல். சில பெயர்கள் உங்களுக்குப் பிடிக்காமலும் இருக்கும். சரி, அவர்களையும் கூப்பிடுங்கள்.

இப்போது புகைக்கிறவரைச் சகபாடியாக எடுக்க வேண்டாம். முன்பு புகைத்து விட்டவர் நல்ல தெரிவு, ஆனால் விட்டு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அப்படிப்பட்டவரிடம் ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிக்க வேண்டியிருக்கும்: “நான் விட்டனான், உனக்கு என்ன?” அந்த வசனம் வாயிலிருந்து வந்தால் மற்றப் பக்கம் போன் எடுப்பது நின்றுவிடும். ஒருபோதும் புகைக்காதவரும் செய்யலாம். ஒரு சகபாடிக்கு மூன்று பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். நான்காவது ஆளுக்குப் பதில் போட மறந்துபோகும்.

பயிற்சிக்கு இரண்டு பின்னேரம் போதும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகலாம். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேட்டுப் பார்க்கலாம். சகபாடி உளவளத்துணையாளர் அல்ல, முதலில் கேட்கிற காது மாத்திரமே என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தால் நல்லது.

வயது விஷயம்: இலங்கையின் 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. உங்களிடம் வருகிறவர்களில் பலர் அந்த வயதுக்கும் கீழேதான் இருப்பார்கள். நீங்கள் பொலிஸ் இல்லை, எந்தக் கடையில் வாங்குகிறான் என்று விசாரிக்க வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் என்றால் தனியே தொடங்காமல், பாடசாலையில் நம்பிக்கையான ஓர் ஆசிரியரோடு சேர்ந்து தொடங்குங்கள். முதல் தடவையாகச் செய்கிறவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களோடு நிற்பது நல்லது.

படி 2: முதற்பேச்சு

நேரில் பேசுங்கள். பெடியள் கூடிக் கதைக்கிற மதவடியிலோ மைதானத்து ஓரத்திலோ, மற்றவர்கள் இல்லாத நேரத்தில். பதினைந்து நிமிடம் போதும். இரண்டு கேள்விகளில் அவனுடைய நிலை பிடிபடும்: காலையில் எழும்பி எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? நாளைக்கு எத்தனை? எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் பத்துகிறவருக்கு உடம்பு நன்றாகப் பழகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் இன்னும் கடுமை. அப்படிப்பட்டவருக்குச் செய்தி மட்டும் போதாமல் போகலாம், மருந்துக்கும் வழி பார்க்க வேண்டும். பின்னேரம் மட்டும் கூட்டாளிகளோடு பத்துகிறவருக்குப் பிரச்சினை உடம்பில் குறைவு, கூட்டத்தில்தான் அதிகம்.

அதன் பிறகு பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“விடோணும் எண்டு பத்துக்கு எவ்வளவு நினைக்கிறாய்?”

“நாலு.”

“நாலோ? ஏன் ரெண்டு எண்டு சொல்லேல்ல?”

“இல்ல மச்சான்… பந்து போட ஓடி வரேக்க மூச்சு வாங்குது. பிறகு அம்மா ஒண்டும் சொல்லாமல் உடுப்பை மணந்து பாக்கிறா. அது ஒரு மாதிரிக் கிடக்கு.”

கவனியுங்கள், ‘ஏன் ரெண்டு இல்லை’ என்றுதான் கேட்டது. ‘ஏன் எட்டு இல்லை’ என்று கேட்டிருந்தால் விட முடியாததற்கான காரணங்களை அவன் வரிசையாக அடுக்கியிருப்பான், தன் வாயாலேயே தன்னை நம்பவைத்திருப்பான். இப்போது விடுவதற்கான காரணம் அவன் வாயிலிருந்து வந்திருக்கிறது. அதை அப்படியே, அவன் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செய்தி எழுதும்போது புற்றுநோயைவிட அம்மா உடுப்பை மணப்பது கூட வேலை செய்யும்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் மூன்று அனுமதிகளை வாங்கிவிட வேண்டும். மெசேஜ் போடலாமா, எந்த நேரம் போடக்கூடாது, உன்ர போனை வேறு ஆர் பார்ப்பார்கள். மூன்றாவதை மறக்கிறவர்கள்தான் அதிகம். வீட்டில் தம்பி அந்தப் போனில் கேம் விளையாடுவான், செய்தி திரையில் வந்து விழும், அப்புறம் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

படி 3: புள்ளி வைப்பது

விடுகிற நாளுக்கு முன்னர் மூன்று நாள் அவன் எதையும் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு சிகரெட்டையும் பத்தும்போது உங்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு புள்ளி அனுப்பினால் போதும். வெறும் ‘.’ மாத்திரம். நேரத்தைப் போன் தானே பதிந்துவிடும். கொப்பி, பேனை, படிவம் என்று கொடுத்துப் பாருங்கள், ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். புள்ளி வைக்கச் சோம்பல் வராது.

மூன்றாம் நாள் இரவு இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். காலை 6.40, மூன்று நாளும். அது கழிப்பறைக்குப் போக முன்னர். 10.15 அளவில் ஒன்று, வேலைத்தலத்துத் தேத்தண்ணி. சோற்றுக்குப் பிறகு ஒன்று. பின்னேரம் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் நாலு புள்ளி கொத்தாக. அது மதவடி. இரவில் வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒன்று. இப்போது உங்களுக்குத் தெரியும், எந்தச் செய்தி எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று. என்னைக் கேட்டால் இந்த முறையில் மிகவும் பெறுமதியான பகுதி இதுதான். நல்ல செய்தி தவறான நேரத்தில் போனால் ஒன்றுக்கும் உதவாது. சுமாரான செய்தி 10.12 க்குப் போனால் உதவும்.

அதே இருப்பில் காசுக் கணக்கையும் பாருங்கள். இங்கே பலரும் பெட்டியாக வாங்குவதில்லை, ஒன்று இரண்டாகத்தான் வாங்குகிறார்கள். அதனால் மாதத்தில் எவ்வளவு போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. பெருக்கிக் காட்ட வேண்டாம், அவனைப் பெருக்கச் சொல்லுங்கள். கடையில் கொப்பிக் கணக்கு இருந்தால் விடுகிற நாளுக்கு முன் காசைக் கட்டி அதை மூடிவிடுவது நல்லது. கடன் இருக்கும்வரை கடைக்குப் போக ஒரு சாட்டு இருக்கும்.

படி 4: நாள் குறிப்பது

இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். உலகப் புகையிலை எதிர்ப்புத் தினமான மே 31 ஐப் பலரும் தேர்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அது படம் எடுக்கிற நாள்.

எங்களிடம் அதைவிட நல்ல நாட்கள் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேறிவிட்டால் மச்சம் இல்லை, பலருக்கு மது இல்லை, வீடே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். விட்ட பின் உடம்பு படுத்துகிற இரண்டு முதல் நான்கு வாரம் என்பது ஏறக்குறைய அந்த 25 நாள்தான். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவருக்கு ஒரு மண்டலம், 41 நாள். குருநகர், பாசையூர்ப் பக்கத்துப் பெடியளுக்குத் தவக்காலம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பெடியள் பகல் முழுக்க ஏற்கெனவே புகைப்பதில்லை, நோன்பு திறந்த பிறகான மணித்தியாலங்களை மட்டும் கவனித்தால் போதும். ‘சாமிக்காக விட்டிருக்கிறன்’ என்று சொன்னால் மதவடியில் யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். இது பெரிய உதவி.

ஆனால் ஆபத்து கடைசி நாளில் இருக்கிறது. தீர்த்தம் முடிந்த அடுத்த நாள், மாலை கழற்றிய அன்று, ‘இனி என்ன’ என்று ஒன்று பத்துவார்கள். அந்த நாளை இப்போதே உங்கள் போன் நாட்காட்டியில் போட்டு, அன்று காலையில் செய்தி அல்ல, அழைப்பே எடுங்கள்.

பரீட்சைக்கு முந்திய வாரம் வேண்டாம். வீட்டில் கலியாணம் இருக்கிற வாரமும் வேண்டாம். மார்ச்சில் சென்ஜோன்ஸுக்கும் மத்திய கல்லூரிக்கும் ‘வடக்கின் பெரும் போர்’ என்கிற கிரிக்கெட் ஆட்டம் நடக்கிற நாட்களிலும் தொடங்க வேண்டாம். பழைய மாணவர் கூடுகிற இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

படி 5: போனை ஒழுங்கு செய்வது

முதல் விதி, வட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். குழுவில் சேர்த்தவுடன் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாளில் ஒருவர் பகிடி விடுவார், மூன்றாம் நாள் அரசியல் வரும், ஐந்தாம் நாள் காலை வணக்கப் பூப்படம். தவறிப்போய் ஒன்று பத்தியவன் அங்கே வாயே திறக்க மாட்டான். ஆளுக்கு ஆள் தனியாகத்தான்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் வட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் இருக்கிறது. பெறுகிறவருக்கு அது தனிச் செய்தியாகத்தான் போகும். அவர் உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்திருந்தால் மாத்திரம் போய்ச் சேரும், ஆகவே முதற்பேச்சிலேயே சேமிக்க வையுங்கள். வேறு பெயரில் சேமித்தாலும் பரவாயில்லை.

பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அவன் போனில் அறிவிப்பு அமைப்பை மாற்றிக் கொடுங்கள். மறையும் செய்தியை ஏழு நாளுக்கோ தொண்ணூறு நாளுக்கோ வைத்துவிடலாம். அப்படியும் ‘சிகரெட்’ என்ற சொல்லை முதல் வரியில் போடாமல் எழுதப் பழகுங்கள்.

டேட்டா முடிந்துபோகிற ஆட்களுக்குக் குறுஞ்செய்திதான் நம்பிக்கை. ஒரு தொழில்நுட்பச் சிக்கல் அங்கே உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழில் 70 தான். அந்த 70 இலும் கொம்பும் புள்ளியும் விசிறியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘தேத்தண்ணி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது. 70 ஐத் தாண்டினால் இரண்டு செய்தியின் காசு போகும். ‘பத்து மணி. தேத்தண்ணி கையில. மற்றக் கையில என்ன?’ என்பது 46 இடம், தாராளமாகப் போகும். சிலர் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து அனுப்புவார்கள். அவன் அப்படித்தான் உங்களுக்கு எழுதுகிறான் என்றால் நீங்களும் அப்படியே எழுதலாம், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

கூகுள் மெசேஜஸ் செயலியில் அனுப்பும் குறியை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து அனுப்பலாம். ஞாயிறு இரவில் இருந்து ஒரு வாரத்துச் செய்திகளைப் புள்ளிக் கணக்குப்படி நேரம் குறித்து வைத்துவிடுங்கள். விரிவுரையில் நித்திரை கொண்டாலும் 10.12 செய்தி போய்விடும்.

படி 6: என்ன எழுதுவது

“புகைத்தல் உயிரைக் குடிக்கும், இன்றே நிறுத்துவோம்” என்று எழுதினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நுரையீரல் படம் அனுப்ப வேண்டாம். பயம் வந்தால் கை தேடுவது சிகரெட்டைத்தான்.

முதல் வாரத்தில் நாளுக்கு மூன்று நான்கு, இரண்டாம் வாரத்தில் இரண்டு, பிறகு நாளுக்கு ஒன்று, ஒரு மாதம் கழிந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று குறைத்துக்கொண்டு போங்கள். மாதிரிக்குச் சில:

விட்ட நாள் காலை: “கடைசி ஒண்டு பத்தி இருபது நிமிசத்தில நெஞ்சிடிப்பு இறங்கத் தொடங்கும். இப்ப மணி என்ன?”

அன்று இரவு: “ரத்தத்தில இருந்த காபன் மொனொக்சைட் இறங்கிக்கொண்டிருக்கு. நாளைக்கு விடிய வழமைக்கு வந்திடும். நீ படு.”

மூன்றாம் நாள்: “இண்டைக்கு ஆரோடையும் சண்டை பிடிக்க வரும். அது நீ இல்லை, நிகொட்டின் போற போக்கு. அம்மாவிட்ட மட்டும் பாத்துக் கதை.”

பின்னேரம் 5.25: “மதவடிக்கு இண்டைக்குப் போகாத எண்டு சொல்லேல்ல. ஆறரைக்குப் போ. பந்து அடிச்சிட்டுப் போ.”

இரண்டாம் வாரம், ஒன்றும் சொல்லாமல்: “ஓடி வரேக்க மூச்சு எப்பிடி?” அவனே முதற்பேச்சில் சொன்ன காரணம் இது. இப்படி ஒன்று போனால் பதில் நிச்சயம் வரும்.

எழுத வராத சகபாடிக்குக் குரல் பதிவு இருக்கிறது. முப்பது விநாடிக்கு மேல் போகாமல் இருந்தால் சரி.

படி 7: அந்த ஐந்து நிமிடம்

இரண்டு பேரும் ஒரு குறியீட்டை ஒத்துக்கொள்ளுங்கள். ‘ப’ என்ற ஒரேயொரு எழுத்து வந்தால் ‘இப்பவே பத்தோணும் போலக் கிடக்கு’ என்று அர்த்தம். சகபாடி அதைக் கண்டவுடன் எடுக்க வேண்டும், தட்டச்சுச் செய்துகொண்டிருக்கக் கூடாது. பேச்சு சிகரெட்டைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. நேற்றைய ஆட்டம், வாங்கப் போகிற பைக், யாரோ ஒருவரின் கலியாணம், என்னவும் கதைக்கலாம். எழும்பி நட, ஒரு செம்பு தண்ணி குடி, மூச்சை இழுத்து மெல்ல விடு என்று இடையில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் “இப்ப எப்பிடி?” என்று கேளுங்கள். ‘பரவாயில்லை’ என்று அவன் சொல்கிற அந்தக் கணத்தில்தான் உந்துதல் தானாகத் தணியும் என்பதை அவன் முதல் தடவையாக நம்புகிறான். நீங்கள் நூறு தரம் சொல்லி வராத நம்பிக்கை அது.

சகபாடி எடுக்க முடியாத நேரமும் வரும். அதற்கு முன்கூட்டியே ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்றை அவன் போனில் போட்டு வையுங்கள். சகபாடியின் சொந்தக் குரலில், “சரி, எழும்பு, செருப்பைப் போடு, ஒழுங்கையால நட” என்று தொடங்கி அவனோடு நடந்துபோவது போல. கேட்கச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். அதோடு இரண்டாவது சகபாடி ஒருவரின் இலக்கமும் கையில் இருக்க வேண்டும். தேசியப் புகையிலை, மதுசார அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்தையும் சேமித்துக் கொடுங்கள். புகையை விடுவதற்கென்றே உள்ள ஆலோசனை இலக்கம் அது.

தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. புகையில் உள்ள பொருட்கள் கஃபேனை ஈரல் விரைவாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் கஃபேன் உடம்பில் கூட நேரம் தங்கும். முன்பு குடித்த அதே அளவு இப்போது படபடப்பையும் நித்திரைக் குழப்பத்தையும் கொடுக்கும், அவனோ சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைப்பான். முதல் வாரங்களில் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

படி 8: ‘ஒண்டு பத்திட்டன்’

இந்தச் செய்தி வரும். பெரும்பாலும் முதல் வாரத்தில், பெரும்பாலும் இரவு பத்துக்கு மேல், பெரும்பாலும் இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு. உங்கள் முதல் சொல் ‘சொன்னதுக்குத் தாங்க்ஸ் மச்சான்’ என்று இருக்கட்டும். அவன் அதைச் சொல்லாமலேயே மறைந்துபோயிருக்கலாம், மறைகிறவர்கள்தான் அதிகம். எத்தனை மணிக்கு, எங்கே, யார் கொடுத்தது என்று கேளுங்கள். குற்ற விசாரணைத் தொனி வேண்டாம், புள்ளி பார்த்த அதே தொனியில். அடுத்த புள்ளி விழாமல் அந்த நேரத்தை எப்படி மாற்றலாம் என்று பாருங்கள். ஒன்று பத்தியதால் நாள் எண்ணிக்கையைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பூச்சியம் என்று கேட்டவுடன் ‘அப்ப பெட்டியையே முடிப்பம்’ என்று தோன்றும்.

முதல் மாதம் குடி இருக்கிற இடங்களைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அன்றிரவு சகபாடி விழித்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

சிகரெட்டை விட்டுவிட்டு மாவா என்கிற பாக்கு, புகையிலைக் கலவைக்கோ வாய்க்குள் அடக்கும் புகையிலைக்கோ மாறுகிறவர்களும் உண்டு. அது விடுவது ஆகாது. நிகொட்டின் அப்படியேதான் இருக்கிறது, வாய்ப் புற்றுநோய் கூட வருகிறது. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய்க் காரணிதான்.

படி 9: வைத்தியரிடம் எப்போது

எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் பத்துகிற ஆள் இரண்டு தடவை முயன்று முடியாமல் போனால், வெளிநோயாளர் பிரிவிலோ குடும்ப வைத்தியரிடமோ நிகொட்டின் சுவிங்கம் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அதைச் சாதாரண சுவிங்கம் போலச் சப்பினால் விக்கலும் வயிற்றெரிவும்தான் மிச்சம். காரச் சுவை வரும்வரை மெல்லச் சப்பி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் அடக்கி வைத்து, சுவை போனதும் மறுபடி சப்ப வேண்டும். சப்ப முன்னர் கால் மணித்தியாலம் கோப்பியோ சோடாவோ வேண்டாம். வேறு மாத்திரைகளும் உண்டு, அவை வைத்தியரின் முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டியில் மருந்தையும் ஆலோசனையையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது, குறுஞ்செய்தி போன்ற முறைகளையும் துணையாக ஏற்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மருந்தை நீங்களாகப் பரிந்துரைக்கவே கூடாது.

மனநல சிகிச்சையில் உள்ள ஒருவர் விட வந்தால் முதலில் அவருடைய கிளினிக்குக்குச் சொல்ல வையுங்கள். குளோசபின், ஒலன்சபின் போன்ற சில மருந்துகளின் அளவு, கஃபேனைப் போலவே, புகை நின்றதும் இரத்தத்தில் கூடும். மருந்தளவை வைத்தியர் மாற்ற வேண்டி வரலாம்.

இருமலில் இரத்தம், நெஞ்சுவலி, மூச்சு முட்டு என்றால் செய்தி போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. 1990 அம்புலன்ஸ் இருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்று எழுதினால் சகபாடி தனியே சமாளிக்க முயலக்கூடாது. 1926 தேசிய மனநல உதவி இலக்கம். அழைத்த பிறகும் ஆளை விட்டுப் போகாமல் கூட இருக்க வேண்டும். கஞ்சாவோ ஐஸ் போதைப்பொருளோ கலந்திருக்கிறது என்று தெரிந்தால் அது உங்கள் வேலையின் எல்லைக்கு வெளியே. அவனைக் கைவிடாமல், பயிற்சி தந்த உளவளத்துணை உத்தியோகத்தரிடம் சேர்த்துவிடுங்கள்.

படி 10: கணக்கு

ஒரு கொப்பியில் பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் இட்டு, விட்ட நாள், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று நாலு கட்டம் போடுங்கள். எந்த இலக்கம் யார் என்கிற பட்டியல் ஒருவரிடம் மாத்திரம், வேறு இடத்தில் இருக்கட்டும். கழகக் கூட்டத்தில் அதை யாரும் கேட்கக்கூடாது, கேட்டாலும் கொடுக்கக்கூடாது. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்ப முன்வருகிற அன்பர்கள் பெயரும் படமும் கேட்பார்கள். அவர்களுக்கும் தொகை மட்டும்தான்.

ஆறு மாதத்தில் பதில் போடாதவர்களைப் ‘புகைக்கிறார்’ என்றே எண்ணுங்கள். ஆய்வாளர்கள் வழமையாகச் செய்வது அதுதான். கணக்கு சிறுக்கும், ஆனால் அடுத்த குழுவைத் தொடங்கும்போது எந்தப் படியில் ஆட்கள் கழன்று போனார்கள் என்று தெரியும். மூன்றாம் நாளில் போனார்கள் என்றால் செய்தி நேரத்தைப் பாருங்கள், தீர்த்தத்துக்குப் பிறகு என்றால் அந்த அழைப்பைப் பாருங்கள். விட்டு ஆறு மாதம் தாண்டியவர்களில் விருப்பமுள்ளவரை அடுத்த தடவை சகபாடியாக எடுங்கள், துண்டில் அவர் பெயரும் வந்திருந்தால். பழைய அரட்டைகளை அதற்கு முன் இரண்டு போனிலும் அழித்துவிடுங்கள்.